குனியாதே

பல் துலக்கும்போது ஒரு கையை வாஷ்பேசின் விளிம்பில் ஊன்றிக்கொள்பவரைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். நாற்காலியிலிருந்து எழும் முன் விளிம்புவரை நகர்ந்து வந்து, இரண்டு கைகளையும் தொடையில் வைத்து, ஒரு நொடி யோசித்துவிட்டு எழுபவர்களையும் தெரியும். தும்மல் வரப்போகிறது என்றதும் பிடித்துக்கொள்ளச் சுவரைத் தேடுபவர்கள், எல்லோரும் உட்கார்ந்திருக்கும் அறையில் பின்னால் சாய்ந்து நிற்பவர்கள், இவர்கள் எல்லாம் என் ஆட்கள். நாள்பட்ட இடுப்பு வலியோடு நாளைக் கடத்துபவர்கள்.

எனக்கு இது ஆறாவது வருடம். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவத்தில் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் இடுப்பு வலியோடு இருந்தவர்கள் 61.9 கோடிப் பேர். 2050க்குள் அது 84.3 கோடி ஆகும் என்கிறார்கள். உலகத்தில் மனிதர்களை அதிகமாக முடக்கிப்போடுவது இந்த வலிதான். இந்த எண்களை முதல்முறை படித்தபோது எனக்கு வந்தது ஒரு விதமான ஆறுதல். நான் மட்டும் இல்லை என்ற ஆறுதல். அடுத்த நிமிடமே கோபம் வந்தது. இத்தனை கோடிப் பேருக்கு இருக்கும் ஒன்றைப் பற்றி எனக்குச் சரியாகச் சொல்லித்தர ஓர் ஆள் கிடைக்க ஏன் மூன்று வருடம் ஆனது?

தொடக்கம் மிகச் சாதாரணமானது. கனமான பெட்டியைத் தூக்கவில்லை, எங்கேயும் விழவில்லை. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவள் கழற்றிப் போட்டிருந்த ஒரு காலுறையை எடுக்கக் குனிந்தேன். அவ்வளவுதான். இடுப்பின் இடது பக்கம் சுள்ளென்று ஏதோ ஓடியது. நிமிர முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மெதுவாகச் சரிந்து தரையில் படுத்துவிட்டேன். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். என் முகத்தையே பார்த்துச் சிரித்தாள். நான் அழுவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வலியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த முகம்தான்.

முதலில் பார்த்த மருத்துவர் மூன்று வாரம் படுக்கையில் இருக்கச் சொன்னார். எழுதித் தந்த மாத்திரைகளுக்குக் கீழே, “குனியக் கூடாது, தூக்கக் கூடாது” என்று சொல்லி ஒரு கோடும் போட்டுக் காட்டினார். சொன்னதைக் கேட்கும் ஆள் நான். படுத்தேன். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் புரண்டு படுத்தாலே வலித்தது. மூன்றாம் வாரம் முடிந்து எழுந்து நின்றபோது கால்கள் என்னுடையவைபோல இல்லை, வீட்டுக்குள் நடக்கவே மூச்சு வாங்கியது.

1986லேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியவந்தது. இடுப்பு வலியோடு வந்தவர்களில் ஒரு பாதிக்கு இரண்டு நாள் ஓய்வு, இன்னொரு பாதிக்கு ஏழு நாள் ஓய்வு. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு. 1995இல் பின்லாந்தில் செய்த ஆய்வில், படுக்கவும் செய்யாமல், தனி உடற்பயிற்சியும் செய்யாமல், வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்கள்தான் மற்ற இரண்டு குழுவையும் விடச் சீக்கிரம் தேறினார்கள். இது தெரிந்து இத்தனை வருடம் ஆன பிறகும் ஒருவரை மூன்று வாரம் படுக்க வைப்பது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் எம்ஆர்ஐ. அறிக்கையை உறையிலிருந்து எடுத்து நானே படித்தேன். எல்4-எல்5 இடையே, அதாவது இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே, தேய்மானம். எல்5-எஸ்1 இடையே, அந்த ஐந்தாவது எலும்புக்கும் அதற்குக் கீழே இருப்பதற்கும் நடுவே, டிஸ்க் புடைப்பு. டிஸ்க் என்பது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தைபோன்ற வட்டு. தேய்மானம் என்ற சொல்லைப் படித்ததும் செருப்பின் அடிப்பகுதிதான் ஞாபகத்துக்கு வந்தது. நடக்க நடக்கத் தேயும். ஒரு நாள் ஓட்டை விழும். அப்படியானால் நான் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் என் முதுகு கரைந்துகொண்டிருக்கிறது! அறிக்கையைப் பார்த்த இன்னொருவர், “உங்க வயசு முப்பத்தி நாலு, உங்க முதுகுக்கு வயசு அறுபது” என்றார். அவர் அதை மறந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும். நான் இரண்டு வருடம் அறுபது வயது முதுகோடுதான் நடந்தேன்.

வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தால் என்ன தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 1994இல் வெளிவந்த ஒரு ஆய்வில், முதுகு வலி இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்தார்கள். பாதிப் பேருக்கு மேல், சரியாகச் சொன்னால் 52 சதவீதம் பேருக்கு, ஏதாவது ஓர் இடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. 2015இல் இப்படிப்பட்ட 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வலி இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். முப்பது வயதில் 52 சதவீதம். எண்பது வயதில் 96 சதவீதம். என் வயதில் எந்த வலியும் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேரின் அறிக்கையிலும் எனக்கு எழுதியிருந்ததுதான் எழுதியிருக்கும். இந்த ஒரு வரியை அந்த அறிக்கையின் அடியில் அச்சடித்துத் தரக் கூடாதா? இதை நான் நிஜமாகவே கேட்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படம் எடுப்பதே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அது உயிர் காக்கும். பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் போக முடியாமலோ கட்டுப்படுத்த முடியாமலோ ஆவது, கால் வலுவிழந்து பாதம் தொய்வது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை. காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலி, விழுந்த பிறகு வரும் வலி, இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. இளம் வயதில், காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்து, நடமாட நடமாடக் குறைகிறதென்றால் அது வேறு வகையான மூட்டு நோயாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். எனக்கு இவை எதுவும் இல்லை. இடுப்பு வலிக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் என்னைப்போலத்தான். குறிப்பிட்டு இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாத வலி.

காரணம் தெரியாவிட்டால் மனசு சும்மா இருக்காது. சொன்னவர் சொன்னதையெல்லாம் செய்தேன். வெந்நீர்ப் பை, தைலம், மசாஜ், இடுப்பைக் கட்டி இழுக்கும் சிகிச்சை, பெல்ட். மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் படுத்தேன், கெட்டியான படுக்கைதான் முதுகுக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னதால். 2003இல் 313 பேரை வைத்து இதையும் பார்த்திருக்கிறார்கள். கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்குத்தான் வலி குறைந்தது. வெந்நீர்ப் பை இதமாக இருந்தது, இன்றும் இருக்கிறது, அதை நான் விடவில்லை. பெல்ட் கதை வேறு. முதலில் வெளியே போகும்போது மட்டும் போட்டேன். பிறகு வீட்டிலும். ஒரு கட்டத்தில் அது இல்லாமல் வாசல்வரை போகவே பயமாகிவிட்டது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட்டும் இழுவை சிகிச்சையும் வேண்டாம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்குள் என்னுடைய பெல்ட்டின் ஓரம் நைந்துபோயிருந்தது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இடுப்பு வலி இன்னும் மோசம், பார்ப்பவர்கள் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. கையில் மாவுக்கட்டு போட்டிருந்தால் பையை வாங்கிக்கொள்வார்கள். “பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க” என்ற வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன். பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் போவதையே குறைத்துக்கொண்டேன்.

வீட்டில் நிலைமை நேர் எதிர். என் கணவர் என்னை எதையும் தொடவிடவில்லை. வாளியை நகர்த்தப் போனால் ஓடி வருவார். துணி எடுக்கக் குனிந்தால் “குனியாதே, நான் இருக்கேன்ல” என்பார். அந்த அக்கறை இல்லாவிட்டால் நான் அந்த வருடங்களைத் தாண்டியிருக்க மாட்டேன். அதே அக்கறை, ஒவ்வொரு முறையும், உன் முதுகு உடைந்த பொருள் என்று எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டும் இருந்தது. இரண்டும் உண்மை. இதை அவரிடம் சொல்ல எனக்கு நாலு வருடம் ஆனது. சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நான் வேற என்ன செஞ்சிருக்கணும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மகள் அந்தச் சொல்லைச் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். நாலு வயதில், என் கையிலிருந்து எது விழுந்தாலும் எனக்கு முன்னால் பாய்ந்து எடுத்துத் தருவாள். “நீ குனியாதேம்மா.” தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் உயர்த்துவதை எப்போது நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு நாள் ஞாபகம் இல்லை. ஒரு நாள் கவனித்தேன், அவள் அதைக் கேட்பதே இல்லை.

மூன்றாம் வருடக் கடைசியில் போன பிசியோதெரபிஸ்ட் என்னைவிட இளையவர். அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பார் என்று பதிலோடு தயாராக இருந்தேன். அவர் கேட்டது, “என்னென்ன செய்யறதை நிறுத்திட்டீங்க?” நான் சொல்ல ஆரம்பித்தேன். மகளைத் தூக்குவது, தரையில் உட்கார்ந்து விளையாடுவது, பேருந்தில் போவது, தோட்ட வேலை, படத்துக்குப் போவது. சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் கீழே ஒரு பேனாவைப் போட்டு எடுக்கச் சொன்னார். நான் முதலில் மேசையைப் பிடித்தேன். மூச்சை இழுத்து அடக்கினேன். முதுகைப் பலகைபோல வைத்துக்கொண்டு முட்டியை மட்டும் மடக்கி இறங்கினேன். “அப்படியே இருங்க” என்று சொல்லி, என் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் தொட்டுக் காட்டினார். கயிறு முறுக்கியதுபோல இருந்தது. “உங்க கையை இப்படி நாள் முழுக்க இறுக்கி மூடி வச்சிருந்தா சாயங்காலம் எப்படி இருக்கும்?” என்று கேட்டார். நான் முஷ்டியை மூடிப் பார்த்தேன். ஒரு நிமிடத்திலேயே விரல் வலித்தது. மூன்று வருடமாக என் இடுப்பை நான் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் அன்று விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். புதிதாக அடிபட்டால் வலி ஒரு காவல்காரன். அடிபட்டதை ஆற விடுவதற்காக நம்மை நிறுத்தி வைக்கிறான். சதையும் ஜவ்வும் ஆறுவதற்குச் சில வாரங்களோ சில மாதங்களோ போதும். சிலருக்கு, ஆறிய பிறகும் காவல்காரன் வாசலை விட்டுப் போவதில்லை. நரம்பு மண்டலம் கூர்மையாகிவிடுகிறது. முன்பு கண்டுகொள்ளாத சின்ன அசைவுக்கும் அபாயம் என்று கத்துகிறது. தூக்கம் குறைந்தால், கவலை கூடினால், இன்னும் சத்தமாகக் கத்துகிறது. வலி முழுக்க நிஜம், கற்பனை இல்லை. ஆனால் அது எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு உள்ளே சேதம் என்று அர்த்தம் இல்லை. “குனிஞ்சா வலிக்கும். ஆனா உடையாது” என்றார் அவர். என் அனுபவத்தில், எந்த மாத்திரையும் செய்யாததை அந்த இரண்டு வாக்கியம் செய்தது.

முதுகெலும்பு குனிவதற்காகவே செய்யப்பட்டது என்பதையும் அன்றுதான் யோசித்தேன். இடுப்பில் ஐந்து எலும்புகள், நடுவே வெளிப்புறம் நார்ப்பட்டையும் உள்ளே கூழ்போன்ற பகுதியும் கொண்ட டிஸ்க்குகள். வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குத் தனியாக ரத்த ஓட்டம் மிகக் குறைவு. அசைவும் பாரமும் மாறி மாறி வரும்போதுதான் நீரும் சத்தும் உள்ளே போய் வருகின்றன. புடைத்து வெளியே வந்த பகுதி பலருக்கு மாதங்கள் போகப் போகத் தானாகவே சுருங்கிவிடும். செருப்பின் அடி அப்படிச் செய்யாது.

வீட்டில் செய்யச் சொன்னது புத்தக அடுக்கு. மகளின் படக்கதைப் புத்தகங்களை நாற்காலி உயரத்துக்குத் தரையில் அடுக்கி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே, முதுகை வளையவிட்டு, மேலே இருக்கும் புத்தகத்தை விரல் நுனியால் தொட வேண்டும். பத்து முறை. வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தகங்களை எடுத்துவிட வேண்டும். முதல் நாள் தொட்டபோது என் நெற்றியில் வியர்வை. வலித்தது. மறுநாள் காலையில் வழக்கமான வலிதான் இருந்தது, கூடவில்லை. அதை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: “தொட்டேன். உடையவில்லை.” ஒன்பதாம் வாரம் மூன்றே புத்தகங்கள் மிச்சம். அதில் மேலே இருந்தது யானைக்குட்டிப் புத்தகம். அதன் அட்டை மூலை கிழிந்திருந்தது, அந்தக் கிழிசலைத்தான் நான் தொட்டுக்கொண்டிருந்தேன். பதினோராம் வாரம் தரை. குளிர்ந்த தரையில் என் விரல் பட்டபோது நான் அப்படியே கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டு நின்றேன். இடுப்புக்குப் பின்னால் ஏதோ மெல்ல இளகியது.

கூடவே வேறு பயிற்சிகளும் இருந்தன. மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, நாலு காலில் நின்று பூனைபோல முதுகை வளைப்பது, பிறகு பாரம் தூக்குவது. முதலில் இரண்டு கிலோ, இப்போது பதினாறு கிலோ. இதில் எந்தப் பயிற்சி உசத்தி என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து. விடாமல் செய்ய முடிகிற எதுவும் நல்ல பயிற்சிதான்.

நடையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல ஆசை, அது யாரிடமும் கேட்காமல் தொடங்கக்கூடியது என்பதால். ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. எல்லோரும் இடுப்பு வலி வந்து அப்போதுதான் தேறியவர்கள். ஒரு குழுவுக்குப் பிசியோதெரபிஸ்ட்டின் வழிகாட்டலோடு படிப்படியாக நடைப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு எதுவும் இல்லை. பாதிப் பேருக்கு வலி திரும்பி வர எடுத்த நாட்கள், நடக்காதவர்களில் 112, நடந்தவர்களில் 208. நான் ஆறு நிமிடத்தில் தொடங்கினேன். வீட்டிலிருந்து மூன்று நிமிடம் போய் மூன்று நிமிடம் திரும்புவது. இப்போது முப்பத்தைந்து நிமிடம்.

சரி, வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. நாலாம் வருடம் ஒரு முறை, வேலையில் நெருக்கடி, ஒரு வாரம் சரியான தூக்கம் இல்லை, பழைய குருடி கதவைத் திறடி என்று அதே இடத்தில் அதே சுள்ளென்ற வலி. மனசு உடனே பழைய பாதையில் ஓடியது. எல்லாம் வீணாகிவிட்டது, மறுபடி படுக்கைதான். இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் புத்தகங்களை மறுபடி நாற்காலி உயரத்துக்கு அடுக்கினேன். இந்த முறை பதினோரு வாரம் ஆகவில்லை, பன்னிரண்டு நாளில் தரையைத் தொட்டேன். அந்தப் பன்னிரண்டு நாட்கள்தான் எனக்குக் கிடைத்த நிவாரணம் என்று நினைக்கிறேன். வலி வரும், இருக்கும், இறங்கும் என்று உடம்பிலேயே தெரிந்துகொண்டது.

இன்னும் மாதத்தில் நாலைந்து மோசமான நாட்கள் உண்டு. நீண்ட கூட்டங்களில் அனுமதி கேட்காமல் எழுந்து நிற்கிறேன். காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் அதிகம் குனிவதில்லை, இரவில் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருப்பதால் அப்போது குனிவது கடினம். இது பயத்தில் செய்வது இல்லை. மழை வரும் நேரத்தில் குடை எடுத்துக்கொள்வதுபோலத்தான். பெல்ட்டை எங்கே வைத்தேன் என்று எனக்கு இப்போது தெரியாது.

போன வாரம் சாயங்காலம் மகள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நாற்காலியில். அவளுடைய அழிப்பான் உருண்டு என் காலடியில் வந்து நின்றது. நான் குனிந்து எடுத்தேன். பாய்ந்து வரப் பாதி எழுந்தவள் அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

“வலிக்கலையாம்மா?”

“வலிக்குதுடி” என்றேன். அழிப்பானை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு, பாதியில் விட்ட கணக்கை அழிக்க ஆரம்பித்தாள்.